கேவலியர்: மூஞ்சியா, மனசா?

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல். நாயோட நீளத்தை விட பேரோட நீளம் ஜாஸ்தி :-) திருச்சி தில்லைநகர்லயும் ஸ்ரீரங்கத்துலயும் இருக்குற அபார்ட்மென்ட்வாசிகள் "சின்னதா, சாதுவா, குழந்தைங்களைக் கடிக்காத நாய் ஒண்ணு சொல்லேன்" என்று கேட்கும்போதெல்லாம், யாராவது ஒருத்தர் இதோட படத்தைக் காட்டி விடுகிறார். அந்தக் கண்ணைப் பார்த்தால் அவ்வளவுதான், ஆள் க்ளோஸ்!

நாய்க் கண்காட்சிக்காரர்கள் இதுக்கு ஒரு இலக்கணமே வைத்திருக்கிறார்கள். எடை 5.4 முதல் 8 கிலோ. பெரிய, கருத்த, உருண்டைக் கண்கள், நல்லா தள்ளித் தள்ளி. மேலேயிருந்து தொங்கும் முடி நிறைந்த காது. பட்டு மாதிரி முடி, அதில் கத்தரி படக் கூடாது. நிறம் நாலு வகைதான். குணம்? உற்சாகமும் பாசமும் வேணும். முரட்டுத்தனமும் பயந்த சுபாவமும் ஆகாது.

என் கட்சி இதுதான்: அந்தக் கடைசி வரி முதல் வரியா இருக்கணும். மூஞ்சிக்கு மார்க் போட ஆரம்பிச்சா நாய்க்குத்தான் கஷ்டம்.

இந்த இனம் உருவான கதையே மூக்கு விவகாரம்தான். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்து ஓவியங்களில் இருக்கும் ஸ்பேனியல்களுக்கு மூக்கு நீளம். பின்னால் வந்தவர்கள் சப்பை மூக்குதான் அழகுன்னு முடிவு பண்ணி அதை அமுக்கிட்டாங்க. ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் வந்து தேடிப் பார்த்து நொந்துபோய், 1926-ல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் பழைய மாதிரி நாய்க்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். 1928-ல் சங்கம் ஆரம்பிச்சு, 'ஆன்ஸ் சன்' என்ற நாயை முன்மாதிரியா வச்சு இலக்கணம் எழுதினாங்க. மூக்கு திரும்பி வந்துச்சு.

ஆனா பிரச்சனை தீரலை. கொஞ்ச நாய்களை வச்சே பெருக்கினதால் இதய வால்வு நோய் வம்சத்தோடு ஒட்டிக்கிச்சு. அஞ்சு வயசுக்குள்ள கிட்டத்தட்ட பாதி கேவலியர்களுக்கு இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் வந்துடும்னு சொல்றாங்க. பல நாய்களுக்கு மூளையை விட மண்டையோடு சின்னது. அதனால் தண்டுவடத்தில் நீர் கோர்த்து, வலியில் காத்தையே சொறியும். பார்க்கிறவங்க "ஐயோ க்யூட்"னு வீடியோ எடுப்பாங்க. இப்போ நடக்குற விதத்தில் கேவலியரைப் பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம்னு நார்வே உச்ச நீதிமன்றமே 2023-ல் சொல்லிடுச்சு.

வெள்ளைக்காரன் புத்தின்னு சிரிச்சுடாதீங்க. நம்ம ராஜபாளையத்துக்கு என்ன பண்ணினோம்? 2005-ல் தபால்தலையில் வந்த நாய் அது. முழு வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் ஒசத்தின்னு பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். அந்த வெள்ளையோட பல குட்டிகளுக்குச் செவிடும் சேர்ந்தே வந்துச்சு. அழகுக்கு நாம மார்க் போடுறோம், ஃபீஸ் கட்டுறது நாய்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். ஏப்ரல், மே மாசத்தில் 40 டிகிரி. மத்தியானம் ரெண்டு மணிக்கு உத்திர வீதியில் செருப்பில்லாம பத்தடி நடந்து பாருங்க, அப்புறம் உடம்பு பூரா கம்பளி போர்த்தின நாயைப் பத்திப் பேசலாம். இதுக்கு விடிகாலையும் இருட்டின பிறகும்தான் வாக்கிங். அந்தத் தொங்கல் காதுக்குள் ஈரம் தங்கினா சீழ் பிடிக்கும், வாராவாரம் துடைக்கணும். தனியா விட்டா ஏங்கிப் போகும் ஜாதி இது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆபீஸ் போற வீடா? வேண்டவே வேண்டாம்.

அப்படியும் ஆசை விடலையா? நிறத்தைக் கேட்காதீங்க. தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்க. ரெண்டுக்கும் ரெண்டரை வயசு தாண்டிடுச்சா, டாக்டர் இதயத்தைச் சோதிச்சாரா, தாத்தா பாட்டி அஞ்சு வயசு வரை இதயக் கோளாறு இல்லாம இருந்துச்சான்னு கேளுங்க. விற்கிறவர் முழிச்சா, நடையைக் கட்டுங்க.

பாசமா மடியில் உட்கார ஒரு ஜீவன்தான் தேவைன்னா, உங்க தெருவிலேயே ஒரு குட்டி பொறந்திருக்கும். இந்த வெயில் அதுக்குப் பழக்கம். இலக்கணத்தின் கடைசி வரியில் அது எத்தனையோ கேவலியரைத் தோற்கடிக்கும்.

நீங்க என்ன சொல்றீங்க? நாய் வளர்க்கும் நண்பர்கள் பின்னூட்டத்தில் குரைக்கலாம் :-)