நஞ்சம்மாவுக்கும் ஒரு பக்கம்

ஆசிரியருக்கு,

தேசியத் திரைப்பட விருதுகள் என்றாலே பத்திரிகைகள் பலவும் சிறந்த நடிகரோடு நின்றுவிடுகின்றன. 2020-ஆம் ஆண்டுக்கான 68-வது விருதுகளில் ‘சூரரைப் போற்று’ ஐந்து விருதுகளை அள்ளியது. அதன் நாயகன் சூர்யாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்தின் படத்தொகுப்புக்காக விருது பெற்ற ஸ்ரீகர் பிரசாத்துக்குக் கிடைத்தது ஓரிரு வரி.

‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் இருளர் மொழிப் பாடலைத் தானே எழுதிப் பாடிய அட்டப்பாடி நஞ்சம்மா, அந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி. முறைப்படி இசை பயிலாதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள். எவ்வளவு வருந்தத்தக்க கேள்வி! வழிவழியாக வந்த பாட்டைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்?

அடுத்த அறிவிப்பு வரும்போது ஒலிப்பதிவாளர்கள், கலை இயக்குநர்கள், ஆவணப்படக் கலைஞர்களின் பேட்டிகளுக்கு உங்கள் இதழ் சில பக்கங்களை ஒதுக்க வேண்டும்.

— ஒரு வாசகர், கோவை