பிரசவ வார்டில் சங்கீதம்

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன் முறையில் நடைபெற்றிருக்க, அத்தாய்மார்கள் அதன் பின்னர் அனுபவிக்கும் வேதனையில் நாம் போதிய சிரத்தை கொள்ளவில்லை என்றே சொல்லவேண்டும். முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் தணிந்தபின், தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுக்க ஒருக்களித்துப் படுக்க முயலும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அவ்வலியோடு பயமும் கலந்திருப்பது விளங்கும். பயம் மிகுந்தால் உடல் விறைத்து, வலியும் மிகும்.

இவ்விரண்டையும் ஓரளவு தணிக்கவல்ல எளிய உபாயம் சங்கீதம். பலவகை ரண சிகிச்சைகளைப் பற்றிய 70க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2015இல் 'லான்செட்' என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியான கட்டுரை, இசை கேட்ட நோயாளிகளுக்கு வலியும் மனக்கலக்கமும் குறைந்ததோடு, வலி மருந்தின் தேவையும் குறைந்ததென்று காட்டிற்று. மருந்தை விலக்கிவிட்டுப் பாட்டை வைக்கவேண்டுமென்பது என் வாதமன்று. மருந்தோடு பாட்டும் இருக்கட்டும் என்பதே. எதைக் கேட்பதென்ற உரிமையும் தாய்க்கே உரியது. நீலாம்பரி ராகந்தான் உகந்ததென்று பிறர் விதிக்கவேண்டாம், இளையராஜா பாட்டில் மனம் லயிப்பவருக்கு அதுவே ஔஷதம். செல்பேசியும் ஹெட்போனும் சர்வசாதாரணமாகிவிட்ட இக்காலத்தில், அரசுப் பிரசவ வார்டுகளில் இதற்கு இடமளித்து, செவிலியர் வாயிலாகத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லச் சுகாதாரத் துறை தாமதமின்றி முன்வரவேண்டும்.