'மோர்ஓவர்' போட்டால் கட்டுரை ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன பௌர்ணமிக்கு நம் வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி, தரிசனம் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். இப்போது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பெயர் வேண்டாம், அவளே இதைப் படிப்பாள். காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே கண் கலங்கிவிட்டது.

"ரெண்டாவது தடவையும் ரைட்டிங்ல 6 தான் டீச்சர். 6.5 வேணும்."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அங்குள்ள என்எம்சி என்னும் கவுன்சில் ஆங்கிலத் தேர்ச்சியைக் கேட்கிறது. ஐஇஎல்டிஎஸ் எழுதினால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வாங்க வேண்டும். முன்பு எழுதுவதிலும் 7 கேட்டார்கள். 2018 கடைசியில்தான் அரை மதிப்பெண் குறைத்தார்கள். இவளுக்கு மற்ற மூன்றும் வந்துவிட்டது. இந்த அரை மதிப்பெண்ணில் நிற்கிறாள். ஒரு தடவை எழுத 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அவள் அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். அந்தப் பணம் அந்த வீட்டுக்கு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.

எழுதிப் பழகிய நோட்டைக் கேட்டேன். கூடவே ஒரு தாளையும் நீட்டினாள். பயிற்சி மையத்தில் கொடுத்ததாம். இணைப்புச் சொற்கள் மட்டும் இரண்டு பக்கம். மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன், ஆன் தி அதர் ஹேண்ட், கான்ஸிக்வென்ட்லி. ஒவ்வொரு வாக்கியத்தையும் இதில் ஒன்றை வைத்துத்தான் தொடங்க வேண்டும், அப்போதுதான் மார்க் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள் பிள்ளை, ஒன்று விடாமல்.

கட்டுரைத் தலைப்பு, கிராமத்து இளைஞர்கள் நகரத்துக்குப் போவது நல்லதா கெட்டதா என்பது. முதல் பத்தியில் நகரத்தில் வேலை கிடைக்கும் என்று எழுதியிருந்தாள். மோர்ஓவர், நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. ஃபர்தர்மோர், போக்குவரத்து நெரிசல் அதிகம். இன் அடிஷன், கிராமத்தில் காற்று சுத்தம். ஆன் தி அதர் ஹேண்ட், விவசாயத்துக்கு ஆள் இல்லை. இலக்கணப் பிழை ஒன்றிரண்டுதான். ஆனால் படித்து முடித்தபின் இவள் என்னதான் சொல்கிறாள், போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

பென்சிலை எடுத்து எல்லா இணைப்புச் சொல்லையும் அடித்தேன். "இப்ப படி" என்றேன். படித்தாள். "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல டீச்சர்" என்று அவளே சொன்னாள். சம்பந்தம் முன்பும் இல்லை. அந்தச் சொற்கள் இருந்ததால் இருப்பது போலத் தெரிந்தது. நம் பூங்காவில் இருக்கும் கல்மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் பட்டை, வளையம், கணு எல்லாம் அசல் மரம் மாதிரிதான் இருக்கும், கிட்டே போய்த் தட்டினால்தானே தெரியும்!

தேர்வு நடத்துகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை என் மருமகள் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒளிவுமறைவு இல்லை, அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல். நான்கு அளவுகோல், நான்குக்கும் சம மதிப்பு. கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கருத்து ஒழுங்காகக் கோத்து வந்ததா, சொல்வளம், இலக்கணம். கோர்வைக்கான மதிப்பெண்ணில் இணைப்புச் சொல்லை அளவுக்கு மீறியோ இயந்திரத்தனமாகவோ போடுவது 5, 6 வாங்குகிறவர்களின் அடையாளமாகத்தான் எழுதியிருக்கிறது. 9 வாங்குகிறவருடைய இணைப்பு கண்ணிலேயே படாதாம். அந்தத் தாளை மனப்பாடம் செய்யச் செய்ய இவள் 6-க்குள்ளேயே தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த மையத்துக்குக் கட்டிய பணம் தனி.

இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார். ஏறக்குறைய 800 வருடத்துக்கு முந்தைய புத்தகம். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பொருள் இல்லாமல் சொல்லை அடுக்கிக்கொண்டு போவதுதான் வெற்றெனத் தொடுத்தல். அவள் நோட்டின் ஓரத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். சென்று தேய்ந்து இறுதலும் அவளிடம் இருந்தது. முதல் பத்தி பத்து வரி, கடைசிப் பத்தி ஒன்றரை வரி.

பயிற்சி மையத்தைத் திட்டுவது சுலபம். என்னைக் கேட்டால் குற்றத்தில் பாதி எங்களுடையது. முப்பது வருடத்துக்கு மேல் நான் கட்டுரை எப்படிச் சொல்லிக் கொடுத்தேன்? 'கீழ்க்காணும் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைக.' முன்னுரையிலிருந்து முடிவுரை வரை எல்லாத் தலைப்பையும் கேள்வித்தாளே கொடுத்துவிடும். பிள்ளைகள் ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி நிரப்பினால் போதும். உட்தலைப்பு போட்டு அடிக்கோடு இட்டிருந்தால் நானே கூட ஒரு மார்க் போட்டிருக்கிறேன். அந்த நான்கு வரிக்கும் அடுத்த நான்கு வரிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆசிரியர் பயிற்சியில் எனக்கும் யாரும் கேட்கவில்லை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்யும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே இல்லை. அந்தப் பிள்ளை இருபத்தெட்டு வயதில் போய், குறிப்பு இல்லாத ஒரு கேள்வித்தாளின் முன் உட்கார்ந்தால் என்ன செய்யும்? யாராவது ஒரு தாளைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அவளுக்குக் கோர்வையாகச் சொல்லத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். "டியூட்டி முடிஞ்சு அடுத்த நர்ஸுகிட்ட ஒப்படைக்கிறப்ப என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். பட்டென்று சொன்னாள். அந்த முறைக்கு எஸ்பிஏஆர் என்று பெயராம். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், முன்பு என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், இனி என்ன செய்ய வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஒரு உயிரின் கதை. ஒரு மோர்ஓவர் கிடையாது. "இதே வரிசையில யோசிச்சு எழுது" என்றேன். சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

பிறகு அந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் ஒரு பக்கம் முடிவு செய்யச் சொன்னேன். போவது நல்லதுதான் என்றாள். ஏன்? வீட்டுக்குப் பணம் வரும். அந்தப் பணம் என்ன ஆகும்? தம்பி படிப்பான். படித்தால்? இப்படி நான்கு தடவை 'அப்புறம்' கேட்டதும் ஒரு பத்தி வந்துவிட்டது. 'எங்கள் ஊரில் குவாரியை விட்டால் இளைஞர்களுக்கு வேலை குறைவு. அதனால் பலர் சென்னைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் வீட்டில் இளையவர்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். அப்படிப் படித்தவர்களில் ஒருத்தி நான்.' ஆங்கிலத்திலும் இதே போல 'தி மணி தே சென்ட் ஹோம்' என்று முந்தின வாக்கியத்தின் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியம் தொடங்கினால் போதும். அந்தாதி மாதிரிதான். எடுத்துக்காட்டாக 'மெனி கன்ட்ரீஸ்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு நம் ஊரை எழுதச் சொன்னேன். சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம் என்று கேள்வியிலேயே இருக்கிறது.

"அப்ப 'ஹவ்எவர்' போடவே கூடாதா டீச்சர்?" என்று பயந்து கேட்டாள். தாராளமாகப் போடு, பேச்சு திரும்புகிற இடத்தில் மட்டும். அவள் அடுத்த பத்தியில் வயதான பெற்றோர் தனியாகிவிடுகிறார்கள் என்று வந்தது. அங்கே ஒரு ஹவ்எவர் அழகாக உட்கார்ந்தது. கட்டுரை முழுவதற்கும் அந்த ஒன்றும், இரண்டு 'பிகாஸ்'-உம்தான்.

ஓஇடி என்று இன்னொரு தேர்வும் இருக்கிறது. அதில் கட்டுரைக்குப் பதில் நோயாளி பற்றிய குறிப்புகளைப் பார்த்துக் கடிதம் எழுத வேண்டும். நர்ஸுகளுக்கு அது இயல்பாக வரும் என்கிறார்கள். மாறலாமா என்று கேட்டாள். அது அவள் முடிவு. ஆனால் அங்கேயும் எந்தக் குறிப்பை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் சோதனை.

டெம்ப்ளேட் இருந்தால் பயமில்லாமல் 6 வாங்கலாமே என்று என் தம்பி மகன் வாதம் செய்தான். 6 போதும் என்பவர்களுக்குச் சரி. இவளுக்கு வேண்டியது 6.5 ஆயிற்றே.

அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறாள். அதுவரை வாரம் இரண்டு கட்டுரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய ஆங்கிலம் அவளுடையதைவிடப் பெரிதல்ல, இலக்கணத்தை என் மருமகள் பார்ப்பாள், கோர்வையை நான் பார்க்கிறேன். உங்களில் யார் வீட்டிலாவது இந்தத் தேர்வு எழுதுகிற பிள்ளை இருந்தால் அவர்களும் அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து அனுப்புவேன். ஃபோட்டோவை மட்டும் நல்ல வெளிச்சத்தில் எடுங்கள், எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணில்தான் முடிந்திருக்கிறது.