பிள்ளை பேருக்கு ஒரு தபால்

"போனைப் பிடுங்கினால் சோறு இறங்க மாட்டேங்குது" என்று புலம்பாத பெற்றோர் கள்ளக்குறிச்சியில் குறைவு. புலம்பல் இருக்கும் இடத்தில் வியாபாரம் இருக்கும் என்பது பி.காம் முதல் செமஸ்டர் பாடம். ஆகவே மாதம் ஒரு கவர், அதற்குள் ஒரு கதைக் கடிதம், ஒரு புதிர், வெட்டி ஒட்ட ஒரு படம், பதில் எழுத ஒரு போஸ்ட் கார்டு என்று குழந்தைகளுக்குத் தபாலில் அனுப்பும் தொழிலை இந்த ஊரில் யாராவது தொடங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சென்னையில் 2013-லேயே ஃபிளின்டோபாக்ஸ் வந்துவிட்டது. வயதுவாரியாகச் செய்முறைப் பெட்டி, மாதச் சந்தா, வீட்டு வாசலில் டெலிவரி. பெட்டிக்குப் பதில் கவர் என்றால் விலை இன்னும் இறங்கும். அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை. கள்ளக்குறிச்சிப் பெற்றோரிடம் அதை என்ன சொல்லி விற்பது என்பதில்தான் சிக்கல்.

முதலில் தோன்றும் யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு பிட் நோட்டீஸ். சோடாபுட்டி கண்ணாடி போட்ட ஒரு குழந்தை போனை வெறிக்கும் படம். கீழே சிவப்பு எழுத்தில் "உங்கள் குழந்தையின் மூளை அழிந்துகொண்டிருக்கிறது!" ஞாயிற்றுக்கிழமை தினத்தந்திக்குள் செருகிவிட்டால் திங்கட்கிழமை போன் வரும். வரும்தான். ஆனால் இந்த வழி வேண்டாம்.

காரணம் ஒன்று, அது பாதி பொய். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திரை நேரம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. கடிதம் படிக்கப்போகும் பிள்ளைக்கு எட்டு வயதோ பத்து வயதோ இருக்கும். சின்னக் குழந்தைக்குச் சொன்னதை எடுத்து நான்காம் வகுப்புப் பிள்ளையின் அப்பாவைப் பயமுறுத்துவது நேர்மையில்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டுவந்த விளம்பர நெறிமுறைகளின்படி, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தில் அறிவியல் ஆதாரம் இல்லாமல் உடல்நலப் பலன்களை அள்ளிவிடக் கூடாது. "கண் தெளியும், ஞாபக சக்தி பெருகும்" என்று போட்டால் மாட்டிக்கொள்வது விற்பவர்தான்.

இன்னொரு காரணம் வெறும் வியாபாரக் கணக்கு. பயந்து பணம் கட்டிய அப்பா அடுத்த மாதமே "பையன் போனை விட்டானா?" என்று கேட்பார். விட்டிருக்க மாட்டான். ஒரு கவர் வந்ததற்காக எந்தப் பையன் விட்டான்? பயம் ஒரு மாதத்துக்குத்தான் விற்கும். சந்தா பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். (அந்த பயமுறுத்தும் நோட்டீஸையும் அப்பா வாட்ஸ்அப்பில்தான் பத்துப் பேருக்கு ஃபார்வர்டு செய்வார் என்பது தனிக்கதை :-) )

"ஸ்க்ரீன் ஃப்ரீ" என்ற சொல்லே பெருநகரத்துச் சொல். ஹாலில் ஒரு டிவி, கையில் ஒரு டேப், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனி போன் என்று இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். இங்கே பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது காலையில் அப்பாவோடு அரிசி ஆலைக்கோ மக்காச்சோள மண்டிக்கோ போய்விடும். இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும்போதுதான் பிள்ளைகள் அதன்மேல் பாய்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு அசர் அறிக்கை கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. வீட்டில் இருப்பது வேறு, பிள்ளை கையில் இருப்பது வேறு. கவரின் உண்மையான போட்டியாளர் அந்த இரண்டு மணி நேரப் போனும், அதற்கு முந்தைய டியூஷனும், பாட்டி பார்க்கும் சீரியலும். இவற்றோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது, தேவையுமில்லை. மாதத்தில் ஒரு சாயங்காலத்தைப் பிடித்தால் போதும்.

அப்படியானால் எதைச் சொல்லி விற்பது? கவரின் மேல் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லி.

ஒரு வீட்டுக்கு வரும் தபால்களை யோசித்துப் பாருங்கள். பேங்க் நோட்டீஸ், எல்.ஐ.சி. கடிதம், கல்யாணப் பத்திரிகை. எல்லாம் அப்பா பெயருக்கு, இல்லை தாத்தா பெயருக்கு. எட்டு வயதுப் பிள்ளையின் பெயரை இனிஷியலோடு வாசலில் நின்று கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினால் அந்த வீட்டில் என்ன நடக்கும்! அமெரிக்காவில் டாலி பார்ட்டன் என்ற பாடகி இதைப் பிடித்துக்கொண்டார். 1995-ல் தான் பிறந்த டென்னசி மாநிலத்து மலைப்பகுதியான செவியர் கவுன்டியில், பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு புத்தகம் தபாலில், குழந்தையின் பெயரிலேயே, இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் திட்டம் ஐந்து நாடுகளுக்குப் பரவி, 2023-க்குள் 20 கோடிப் புத்தகங்களைத் தாண்டியது. டிவியைத் திட்டியா அவர் அதை வளர்த்தார்? "உன் பேருக்குப் புத்தகம் வந்திருக்கு" என்பது போதுமானதாக இருந்தது.

தமிழில் இது தெரியாத விஷயமும் இல்லை. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், சுட்டி விகடன் எல்லாம் தபாலில் சந்தாதாரர் வீட்டுக்குப் போனவைதான். பேனா நண்பர்கள் என்று ஒரு உலகமே இருந்தது. கோகுலமும் சுட்டி விகடனும் அச்சில் நின்றுபோனது 2020-ல். அந்த இதழ்களுக்குக் காத்திருந்தவர்கள் இன்று அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். விளம்பரம் தாத்தா பாட்டியைப் பார்த்துப் பேசினால் பாதி வேலை முடிந்தது. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு வருடச் சந்தா என்றால், ஓய்வூதியம் வாங்கும் தாத்தா யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். பணம் தருபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர் என்று மார்க்கெட்டிங் புத்தகத்தில் படிப்பது இதைத்தான்.

அஞ்சல் துறையும் சும்மா இல்லை. 2017 முதல் "டாய் அகர்" கடிதப் போட்டி நடத்துகிறது. 2021 டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகள் பிரதமருக்கு 75 லட்சம் போஸ்ட் கார்டு எழுதும் இயக்கம் நடந்தது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் சிறுவர் கடிதப் போட்டி 1971-லிருந்து இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எல்லாமே போட்டி, எல்லாமே ஒருவழிப்பாதை. தலைப்பு கொடுப்பார்கள், டீச்சர் போர்டில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பரிசு பெறும் சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் கடிதம் போட்ட சுவடே இருக்காது. கடிதம் என்றால் பதில் வர வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் சரக்கு அந்தப் பதில்தான்.

கொஞ்சம் கணக்கு. 20 கிராம் வரை கவருக்கு 5 ரூபாய் ஸ்டாம்ப். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். இரண்டு தாள், ஒரு போஸ்ட் கார்டு, மெல்லிய கவர் சேர்ந்தால் 20 கிராமுக்குள் நிற்கும். மூன்றாவது தாளைச் செருக ஆசைப்பட்டால் அடுத்த படிக்குப் போய் இன்னொரு 5 ரூபாய். பார்சலாக அனுப்புவதென்றால் கதையே வேறு. மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. அதன்பின் 2025 மே 1-ல் வந்த ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஆகவே கவர்தான். நான்கு பக்கம் அச்சிட 4 ரூபாய், கவர் 1 ரூபாய், ஸ்டாம்ப் 5 ரூபாய், உள்ளே வைக்கும் போஸ்ட் கார்டு 50 காசு. ஆக 10 ரூபாய் 50 காசு. மாதம் 30 ரூபாய் என்று வைத்தால் வருடச் சந்தா 360 ரூபாய். ஒரு மாத மொபைல் ரீசார்ஜுக்குப் பக்கத்தில் வருகிறது. இந்த ஒப்பீட்டை நோட்டீஸில் தாராளமாகப் போடலாம், பொய்யில்லை.

வருடச் சந்தா வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. ஜனவரியில் வாங்கும் 360 ரூபாயில் அந்த மாத வருமானம் 30 தான். மீதி 330 முன்கூட்டிப் பெற்ற வருமானம், பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம் உட்கார வேண்டியது. அதை லாபம் என்று எடுத்துச் செலவழித்தால் ஆறாவது மாதம் ஸ்டாம்ப் வாங்கக் காசிருக்காது.

இனி மலைக்கு வரலாம். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தபோது கல்வராயன் மலையும் கூடவே வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர். மலையாளி பழங்குடி மக்கள், மரவள்ளி, சாமை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. வேலை தேடிப் பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகத்தின் காபித் தோட்டங்களுக்கும் போய்விட, பிள்ளைகள் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். விடுதியில் போன் கிடையாது. மலையில் பல இடங்களில் சிக்னலும் கிடையாது. "ஸ்க்ரீன் ஃப்ரீ" என்று அங்கே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்! ஆனால் தன் பெயருக்கு ஒரு தபால் வருவது வேறு எந்தப் பிள்ளையைவிடவும் அந்தப் பிள்ளைக்குத்தான் பெரிய விஷயம். விடுதி வாசலில் நூறு பேர் முன்னால் பெயர் கூப்பிடப்படும்.

இந்த இடத்தில் இரண்டாவது தப்பு காத்திருக்கிறது. "நீங்கள் ஒரு சந்தா கட்டினால் ஒரு ஏழை மலைக்குழந்தைக்கு ஒரு கடிதம் இலவசம்" என்று போட்டு, கிழிந்த சட்டைப் படம் ஒன்றும் ஒட்டுவது. நன்றாக விற்கும். அதற்காகச் செய்யக் கூடாது. மலைப்பிள்ளையைப் பரிதாபப் பொருளாக்கி, கீழே இருக்கும் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தர்மப்பிரபு பட்டம் கொடுப்பதில் என்ன படிப்பு இருக்கிறது? ஏற்கெனவே டவுனில் மலைக்காரர்களைப் பற்றிப் பேசும் பேச்சு கேட்கும்படி இல்லை. சாராயமும் செம்மரமும்தான் செய்தியாக வருகிறதே தவிர, அங்கே நான்காம் வகுப்பில் யார் என்ன படிக்கிறார்கள் என்று கீழே யாருக்கும் தெரியாது.

கோமுகி ஆறு மலையிலிருந்து இறங்கித்தான் கள்ளக்குறிச்சிக்கு வருகிறது. மேலே மழை பெய்த நாளை வெள்ளிமலைப் பிள்ளை எழுதட்டும். ஆற்றில் தண்ணீர் வந்த நாளைக் கள்ளக்குறிச்சிப் பிள்ளை எழுதட்டும். சாமைக் கதிர் எப்படி இருக்கும், கரும்பு லாரி எத்தனை மணிக்குப் போகும், கடுக்காய் எந்த மரத்தில் காய்க்கும், தேர்க்கடையில் என்ன வாங்கினாய்... இந்தக் கார்டுகளில் சிலவற்றை அடுத்த மாதக் கடிதத்தில் அச்சிட்டால் அதற்கு ஈடான சரக்கை எந்த சென்னைக் கம்பெனியும் தர முடியாது. மலைப்பிள்ளை எழுதும் கார்டு சந்தாதாரருக்குக் கிடைக்கும் பொருளில் பாதி. எனவே அவர்களுக்குப் போகும் கவர் நன்கொடைக் கணக்கில் வரக் கூடாது, உற்பத்திச் செலவில் வர வேண்டும். டவுனில் 200 சந்தா, மலையில் 100 பிள்ளைகள் என்று வையுங்கள். வரவு 6,000 ரூபாய். 300 கவருக்குச் செலவு 3,150. மிச்சம் 2,850. எழுதுபவருக்கும் படம் போடுபவருக்கும் அதிலிருந்துதான் தர வேண்டும். கார் வாங்க முடியாது. கல்லூரி படித்துக்கொண்டே நடத்தலாம்.

பிள்ளைகளின் முகவரியில் கவனம் வேண்டும். கார்டுகள் நேரடியாக வீட்டுக்கு வீடு போகக் கூடாது. நடத்துபவரின் கைக்கு வந்து, படிக்கப்பட்டு, மேலே பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவும் கீழே பெற்றோர் வழியாகவும் போக வேண்டும். அச்சில் முதல் பெயரும் வகுப்பும் போதும். எந்த வயதுப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்ற பட்டியலுக்கு டியூஷன் சென்டர்கள் நல்ல விலை தரும். விற்கவே கூடாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் சந்தாப் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்குவது நல்லது.

விளம்பரத்துக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். 2022 முதல் அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. கள்ளக்குறிச்சியில் நடக்கும்போது ஒரு மேஜை, ஒரு கட்டு போஸ்ட் கார்டு, நாலு பேனா போதும். வரும் பிள்ளையை அங்கேயே உட்கார வைத்து, சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ இருக்கும் பாட்டிக்கு நாலு வரி எழுதச் சொல்லி, பக்கத்தில் உள்ள சிவப்புப் பெட்டியில் அவர்கள் கையாலேயே போடச் சொல்ல வேண்டும். அட்ரஸ் எழுதத் தெரியாமல் பிள்ளைகள் முழிப்பதை அப்பா அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். பின்கோடு எந்தக் கட்டத்தில் என்று அவர்களே சொல்லித்தர ஆரம்பிப்பார்கள். மூன்று நாள் கழித்துப் பாட்டி போன் செய்வார். ஆயிரம் கார்டு 500 ரூபாய்.

டென்மார்க்கில் போஸ்ட்நார்ட் நிறுவனம் 2025 டிசம்பர் 30-உடன் கடிதம் கொண்டுபோவதையே நிறுத்திவிட்டது. இங்கே 1.64 லட்சம் அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இன்னும் திறந்திருக்கின்றன, மலைமேல் உள்ளவையும் சேர்த்து. மே மாதம் சந்தா சேர்த்து, ஜூனில் பள்ளி திறந்ததும் உறைவிடப் பள்ளிகளில் அனுமதியும் பெயர்ப்பட்டியலும் வாங்கினால், முதல் கவரை ஜூலையில் தபாலில் சேர்க்கலாம். மலைக்குப் போகும் கவர்களை மட்டும் நான்கு நாள் முன்னதாகப் போட வேண்டும்.