டிராக்டர் இஞ்சினுக்கு ஆயிலும் பில்டரும் தேர்ந்தெடுத்தல்

ஏரும் எருதும் இருந்த இடத்தில் இன்று நம் கிராமங்களில் டிராக்டர் வந்து நிலைபெற்றுவிட்டது. எருதுக்குப் பிண்ணாக்கு வாங்கும்பொழுது முகர்ந்தும் கிள்ளியும் பார்த்து வாங்கிய குடியானவர், டிராக்டரின் இஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிச் செல்வது வியப்பளிக்கின்றது. டிராக்டரோ பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ளது. பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது. நடவுக் காலத்தில் அதன் இஞ்சின் இறுகி நின்றுவிட்டால், பழுதுபார்க்கும் செலவு ஒரு நஷ்டம். பருவம் தவறுதல் அதனினும் பெரிய நஷ்டம். ஆயில் மாற்றும் வேலையை உடையவரே தம் வீட்டில் செய்துகொள்ளலாம் என்பதும், விலையையும் நிறத்தையும் பாராது கையேட்டில் கண்ட எழுத்தையும் எண்ணையும் பார்த்தே ஆயில் வாங்கவேண்டும் என்பதும் எனது துணிபு.

ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அது சூட்டைச் சுமந்து செல்லுகின்றது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்ளுகின்றது. அமிலம் உலோகத்தை அரிக்காமல் காக்கின்றது. ஆகையால் புதிய ஆயில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துப்போவது குற்றமன்று. அது தன் வேலையைச் செய்கின்றது என்பதற்கே அடையாளம். நிறத்தைக் கொண்டு ஆயிலை மதிப்பிடுதல் தவறு. மணிக்கணக்கே சரியான அளவு. 250 மணி ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றும்படி பல டிராக்டர்களின் கையேடுகள் கூறுகின்றன. புது டிராக்டருக்கு முதல் மாற்றம் இதற்கு வெகு முன்னரே செய்யவேண்டியதாகும்.

டப்பாவின்மேல் இரண்டு குறிகள் உண்டு. முதலாவது எஸ்.ஏ.இ. என்னும் கெட்டித்தன்மைக் குறி. '20டபிள்யூ-40' என்பதில் முன்னெண் குளிர்ந்த நிலையையும், பின்னெண் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உள்ள கெட்டித்தன்மையையும் காட்டும். நம் சமவெளிச் சீமையில் முன்னெண் 15 ஆயினும் 20 ஆயினும் பெரிய வேற்றுமை இல்லை. கோடைச் சூட்டில் சேற்றுழவு செய்யும் இஞ்சினுக்குப் பின்னெண்ணே முக்கியம். அதனைக் கையேட்டில் கண்டதற்குக் குறைத்தல் ஆகாது.

இரண்டாவது ஏ.பி.ஐ. என்னும் தரக் குறி. 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் இஞ்சினுக்கு. 'சி' என்று தொடங்குவது டீசல் இஞ்சினுக்கு. மோட்டார் சைக்கிளுக்கென்று வாங்கி மிஞ்சிய ஆயிலை டிராக்டரில் ஊற்றலாகாது. சிஎஃப்-4 என்னும் தரம் 1990-லும், சிஎச்-4 1998-லும், சிஐ-4 2002-லும், சிகே-4 2016-லும் வந்தவை. பழைய தரம் கேட்கும் இஞ்சினுக்குப் பிந்தைய தரம் பொதுவாகப் பொருந்தும்; பிந்தைய தரம் கேட்கும் இஞ்சினுக்குப் பழையது பொருந்தாது. புகைக்குழாயில் கரி வடிகட்டி அமைந்த புதிய டிராக்டர்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே வேண்டும்.

'தேய்ந்த இஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் புகை நிற்கும்' என்பார் சிலர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. மேலும் காலையில் இஞ்சினைக் கிளப்பும்பொழுது கெட்டி ஆயில் மேலிடங்களுக்குத் தாமதித்தே சென்று சேரும். 'விலை உயர்ந்ததே சிறந்தது' என்பார் வேறு சிலர். கையேடு கேட்கும் தரத்துச் சாதாரண ஆயிலைக் காலத்தில் மாற்றுவது, விலை உயர்ந்த ஆயிலை இரு மடங்கு காலம் ஓட்டுவதினும் நன்று.

ஆயிலை மாற்றிப் பில்டரை விட்டுவிடுதல் சிக்கனமன்று. பழைய பில்டரில் தங்கிய அழுக்கு ஆயில் புதியதுடன் கலக்கும். பில்டர் அடைத்துக்கொண்டால் மாற்று வழிக்கான வால்வு திறந்து, வடிகட்டப்படாத ஆயிலே பேரிங்குகளுக்குச் செல்லும். மரை பொருந்துகின்றது என்பதனால் மட்டும் ஒரு பில்டர் பொருத்தமானதாகாது; அவ்வால்வு திறக்கும் அழுத்தமும் ஒத்திருத்தல் வேண்டும். ஆகவே பில்டரைக் கையேட்டில் கண்ட பாக எண்ணைக் கொண்டே கேட்டு வாங்குக. முத்திரை உடையாத டப்பாவை, ரசீதுடன், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குக. காலி டப்பாவைத் துளையிட்டு எறிந்தால், அதில் போலி ஆயில் நிரப்பி விற்க வழியிராது.

செய்முறை எளிது. இஞ்சினைச் சிறிது ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி அணைத்து, அடித்திருகைக் கழற்றி ஆயிலை முற்றிலும் வடியவிடுக. புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குக. அடித்திருகைப் புதிய வாஷருடன் பூட்டிய பின்னரே ஆயிலை ஊற்றுக. அளவுகோலின் இரு கோடுகளுக்கிடையில் ஆயில் நிற்கவேண்டும். மேல்கோட்டைத் தாண்டினால் நுரைத்துக் கேடு விளையும். சிறிது ஓட்டிக் கசிவு பார்த்து, நிறுத்திச் சில நிமிஷங்கள் கழித்து மீண்டும் அளந்து, தேதியையும் மணியையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்க. வடிந்த ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. உடனே மெக்கானிக்கிடம் காட்டுக. உத்தரவாதக் காலம் முடியாத டிராக்டருக்கு மாத்திரம் கம்பெனியின் நிபந்தனைகளைப் பார்த்துக்கொண்டு நடத்தல் நலம்.

இறுதியாக, ஊராட்சித் தலைவர்களுக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவு ஆயிலை வாய்க்காலில் கொட்டுவதும், கரையானுக்கென்று மரத்தில் பூசுவதும் பல ஊர்களில் வழக்கம். அது மண்ணுக்கும் நீருக்கும் தோலுக்கும் தீங்கானது. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதனை அபாயகரமான கழிவென்றே வகுத்துள்ளன. ஊருக்கு ஒரு பீப்பாய் வைத்துச் சேர்த்து, அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தல் அவர்கள் கடமையாகும். உடையவர் ஒவ்வொருவரும் தம் டிராக்டரின் கையேட்டைத் தேடி எடுத்து, ஆயில் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடைக்குச் செல்வாராயின், செலவும் குறையும், உழவும் தடைப்படாது.