வளைவில் சிந்தாத வெளிச்சம்

போன வாரம் ஒரு வாசகியிடமிருந்து நீளமான மின்னஞ்சல். அவருடைய மகன் எம்.டெக். படித்தபோது நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேட்டன்ட் விண்ணப்பம் போட்டிருக்கிறான். வெளிச்சத்தை வளைவான பாதையில் கொண்டுபோகும் மெல்லிய கண்ணாடி வழி ஒன்று. வளைவிலே வெளிச்சம் சிந்தாமல் இருக்க, கண்ணாடியின் தன்மையை நடுவிலிருந்து ஓரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறார்களாம். இப்போது பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்று பழைய பேட்டன்டுகளின் எண்களைக் குறிப்பிட்டு, ‘இது ஏற்கெனவே தெரிந்ததுதான்’ என்கிறது கடிதம். “பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவ்வளவுதானா சார்?” என்று கேட்டிருந்தார் அந்த அம்மா.

அவ்வளவு இல்லை அம்மா. ஆனால், ‘கவலைப்படாதீர்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், உங்கள் மகன் கை வைத்திருக்கும் இதே துறையில், இதே மாதிரிக் கடிதம் வந்து தோற்றுப்போனவர்கள் உண்டு. கடிதத்தைத் தாண்டி ஜெயித்தவர்களும் உண்டு. அந்தக் கதைகளையே சொல்கிறேன்.

முதலில், வெளிச்சம் எப்படி வளையும் என்று மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்பது போலத் தெரிகிறதே, கானல் நீர்? அங்கே தண்ணீர் இல்லை. தரையை ஒட்டிய காற்று சூடாகி லேசாகிவிடுகிறது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி. வானத்திலிருந்து சாய்வாக வரும் வெளிச்சம் இந்த லேசான காற்றுக்குள் நுழையும்போது, தரையைத் தொடாமலே மெல்ல வளைந்து மேலேறி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. நாம் பார்ப்பது வானத்தின் துண்டு. அடர்த்தி படிப்படியாக மாறினால் வெளிச்சமும் படிப்படியாக வளையும். அவ்வளவுதான் சூத்திரம்.

இதையே தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழைக்குள் செய்யலாம். நடுவில் ஒளிவிலகல் எண் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. ஓரத்தை நோக்கி ஓடும் கதிர் மெல்ல வளைந்து நடுவுக்கே திரும்பும். இதில் இன்னொரு அழகும் உண்டு. நேராக நடுவில் போகும் கதிருக்குத் தூரம் குறைவு, வேகமும் குறைவு. வளைந்து வளைந்து ஓரமாகப் போகும் கதிருக்குத் தூரம் அதிகம், ஆனால் ஓரத்தில் வேகம் கூடுதல். ஊருக்குள் புகுந்து வரும் பஸ்ஸும், சுற்றிக்கொண்டு பைபாஸில் வரும் பஸ்ஸும் ஒரே நேரத்தில் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வது மாதிரி. அனுப்பிய செய்தி கலங்காமல் சேர அது முக்கியம்.

இழையை மடக்கினால் மட்டும் சங்கடம். பஸ் திரும்பும்போது நாம் வெளிப்பக்கமாகச் சாய்கிறோமே, அதுபோல வளைவில் வெளிச்சமும் வெளிப்பக்க ஓரத்துக்கு ஒதுங்கும். வளைவு கடுமையாக இருந்தால் வெளியே சிந்திவிடும். வீட்டுக்கு இன்டர்நெட் போட வரும் தம்பி, “சார், கேபிளை ஒடிச்சு மடக்கிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான். (வீட்டுக்கு வரும் இழை வேறு வகை. ஆனால் வளைவுப் பயம் எல்லா வகைக்கும் உண்டு.)

இப்போது கதைக்கு வருவோம். 1930. ஜெர்மனியின் மியூனிக் நகரம். ஹைன்ரிக் லாம் என்று ஒரு மருத்துவ மாணவர். அப்போதெல்லாம் வயிற்றுக்குள் பார்க்க வேண்டுமென்றால் விறைப்பான குழாயைத்தான் தொண்டை வழியாக இறக்க வேண்டும். நோயாளியின் பாட்டை நினைத்துப் பாருங்கள். லாம், கண்ணாடி இழைகளைத் தலை வாருவது போல வாரி, ஒரு கட்டாகக் கட்டி, ஒரு முனையில் பல்பின் இழையைக் காட்டினார். மறுமுனையில் அதன் பிம்பம் தெரிந்தது. மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது. காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹான்செல் என்ற பொறியாளர் இதே யோசனைக்கு முன்பே மனுப் போட்டிருந்தார், அவருடைய பிரிட்டிஷ் காப்புரிமை குறுக்கே நின்றது. ஹான்செல் அந்தக் கட்டைச் செய்து பார்த்து வயிற்றுக்குள் விடவில்லை. ஆனால் எழுதி வைத்துவிட்டார். பேட்டன்ட் அலுவலகத்தில் தேதிக்குத்தான் மரியாதை. லாம் யூதர். பிறகு அமெரிக்காவுக்கே குடிபெயர வேண்டி வந்தது.

அடுத்தது 1951, டென்மார்க். என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கதைதான். ஹோல்கர் மோலர் ஹான்சென் என்பவர் இழைக்கட்டு வழியாகப் படம் அனுப்பும் யோசனைக்கு விண்ணப்பித்தார். டேனிஷ் அலுவலகம் இரண்டு பழைய காப்புரிமைகளைக் காட்டி மறுத்தது. ஒன்று அதே ஹான்செலுடையது. இன்னொன்று, தொலைக்காட்சி புகழ் ஜான் லோகி பேர்டுடையது. ஆனால் மோலர் ஹான்செனின் விண்ணப்பத்துக்குள் பழைய இருவரும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. இழைகள் ஒன்றையொன்று தொட்டால் வெளிச்சம் பக்கத்து இழைக்குக் கசிந்துவிடும். அதனால் ஒவ்வோர் இழைக்கும் ஒளிவிலகல் எண் குறைந்த ஓர் ஒளிபுகும் பொருளால் மேலுறை போட வேண்டும். இன்று உலகத்தில் ஓடும் ஒளியிழை எல்லாமே அந்த மேலுறையை நம்பித்தான் ஓடுகிறது. தங்கம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ‘இழை வழியாகப் படம்’ என்ற பெரிய கோரிக்கையை விட்டுவிட்டு, ‘மேலுறை போட்ட இழை’ என்று சின்னதாகச் சுருக்கிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு பழைய காப்புரிமைகளும் அவரைத் தொட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம். கம்பெனிகளும் அவர் யோசனையை வாங்க முன்வரவில்லை.

அம்மா, உங்கள் மகனுக்கு வந்த கடிதத்தை இந்த இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆய்வாளர் பார்ப்பது முக்கியமாக மூன்று. ஒன்று, இது புதிதா? கேட்கும் எல்லா அம்சமும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் கதை முடிந்தது. இரண்டு, புதிதுதான் என்றாலும், அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கே பளிச்சென்று தோன்றக்கூடியதா? வளைந்த வழி பழசு, படிப்படியாக மாறும் கண்ணாடியும் பழசு. இரண்டையும் ஒட்டவைத்ததில் என்ன சாமர்த்தியம் என்று அவர் கேட்பார். மூன்று, படித்துப் பார்த்து இன்னொருவர் செய்யும்படி விவரமாக எழுதியிருக்கிறதா? உங்கள் மகனுக்கு இடறல் இரண்டாவதில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மூன்று ஆவணங்களைக் காட்டினால் பெரும்பாலும் அர்த்தம் அதுதான். ஒரே ஆவணத்தில் எல்லாம் கிடைத்திருந்தால் ஒன்றே போதுமே!

அதற்குப் பதில் கோபத்தில் இல்லை, விவரத்தில் இருக்கிறது. பழைய ஆவணங்களில் அந்தப் படிப்படியான மாற்றம் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக இருந்து, இவர்கள் வளைவின் வெளிப்பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி வைத்திருந்தால், அதைக் கோரிக்கையிலேயே எழுத வேண்டும். எந்த வளைவுக்கு எவ்வளவு வெளிச்சம் மிஞ்சியது என்ற அளவும் கையில் வேண்டும். முதலில் கொடுத்த விண்ணப்பத்தில் இல்லாத புதுச் சரக்கை இப்போது நுழைக்க முடியாது என்பது ஒரு கட்டு. அதனால்தான் முதல் விண்ணப்பத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று தொழில் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மேலுறையின் கதை டென்மார்க்கோடு முடியவில்லை. அமெரிக்காவில் பிரையன் ஓப்ரையன் என்ற ஒளியியல் நிபுணரும் அதே முடிவுக்கு வந்து, நெதர்லாந்தின் ஆபிரகாம் வான் ஹீலிடம் 1951-ல் சொன்னார். வான் ஹீல் செய்து பார்த்து 1953 ஜூனில் டச்சுப் பத்திரிகை ஒன்றில் எழுதிவிட்டார். ஓப்ரையன் அப்போது அமெரிக்கன் ஆப்டிக்கல் கம்பெனியில் அகலத்திரை சினிமாவுக்கான டாட்-ஏஓ முறையை உருவாக்கும் வேலையில் மூழ்கியிருந்தார். (பெயரில் உள்ள ‘ஏஓ’ அந்தக் கம்பெனிதான்.) அவருடைய விண்ணப்பம் பதிவானது 1954 நவம்பரில். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு விஷயம் அச்சில் வந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. காப்புரிமை கிடைத்தும், தேதிக் கணக்கில் அது செல்லாததாகிப் போனது. எங்கோ ஒரு டச்சுப் பத்திரிகைதானே என்று சட்டம் விட்டுவிடவில்லை.

இனி ஜெயித்தவர் கதை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற குடல் நோய் மருத்துவர், வில்பர் பீட்டர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர், லாரன்ஸ் கர்ட்டிஸ் என்ற இளங்கலை மாணவன். பூச்சுக்குப் பதிலாகக் கண்ணாடிக்கே கண்ணாடி உறை போட்டால் என்ன என்று யோசித்தவன் அந்தப் பையன்தான். விலகல் எண் அதிகமுள்ள கண்ணாடிக் கம்பியை, எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி நூலாக இழுத்தான். 1956 டிசம்பர் 8. இழுத்த நூலைச் சுற்றி வைக்க ஓட்ஸ் டப்பா. 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியைத் தன் தொண்டைக்குள்ளேயே இறக்கிப் பார்த்துவிட்டு, சில நாளில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். நம் வீட்டில் எத்தனை பேருக்கு எண்டோஸ்கோப்பி எடுத்திருக்கிறோம்! அந்த வளையும் குழாயின் தொடக்கம் இதுதான்.

கர்ட்டிஸ் 1957 மே மாதம் விண்ணப்பித்தார். காப்புரிமை கைக்கு வந்தது 1971 ஜூனில். பதினான்கு வருடம்! ஆனாலும் நஷ்டமில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் கொடுத்த நாளிலிருந்து 17 வருடம் உரிமை. தாமதம் அவருக்குச் சாதகம் என்றுகூடச் சொல்லலாம். இன்று அங்கும் இங்கும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான். தாமதமானால் காலம் நம் கையிலிருந்து கரையும்.

அப்படிக் கரைந்துபோன மனக்குறை ஜப்பானில். செண்டாய் நகர தொஹோகு பல்கலைக்கழகத்தின் ஜுனிச்சி நிஷிசாவா, படிப்படியாக எண் மாறும் ஒளியிழையைத்தான், அதாவது உங்கள் மகனின் அதே சங்கதியைத்தான், 1964-ல் காப்புரிமைக்கு அனுப்பினார். எழுதியது புரியவில்லை என்று திருப்பினார்கள் என்பது அவருடைய நீண்டகால வருத்தம். நான் சொன்ன மூன்றாவது கேள்வி! அன்றைய ஜப்பான் சட்டம், எவ்வளவு இழுத்தாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடத்துக்கு மேல் உரிமை இல்லை என்றது. அந்தப் போராட்டத்தால் அவருக்கு எந்தப் பலனும் இல்லை. ஒளியிழைக்காக 2009-ல் நோபல் பரிசு, 1966-ல் இங்கிலாந்தில் இருந்துகொண்டு கட்டுரை எழுதிய சார்லஸ் காவோவுக்குப் போனது. காவோ அதற்கு முழுத் தகுதி உள்ளவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நிஷிசாவா 2018-ல், 92 வயதில் காலமானார். அவர் பெயரில் அமெரிக்காவின் மின்பொறியாளர் சங்கம் ஒரு பதக்கமே வழங்குகிறது. புரியவில்லை என்று திருப்பப்பட்ட வகை இழை, இன்று கட்டடங்களுக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்க ஓடுகிறது.

அந்தப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரையும் நான் திட்டத் தயாரில்லை. லேசர் பிறந்தே நாலு வருடம்தான் ஆகியிருந்த 1964-ல், கண்ணாடி நூலில் பேச்சை அனுப்புகிறேன் என்று ஒருவர் வந்தால், அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? புரியவில்லை என்று எழுதுவது ஒருவகையில் நேர்மைதான். புரியவைக்கும் பொறுப்பு எழுதுகிறவருக்கு.

ஆக, வாசகி அம்மாவுக்கு: நம் நாட்டில் இந்த முதல் ஆய்வு அறிக்கை வருவது வழக்கமான நடைமுறை. பெரும்பாலானவர்களுக்கு ஆட்சேபணையோடுதான் வரும். அந்த மூன்று பழைய பேட்டன்டுகளையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மகனைச் சாப்பிட்டுவிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் தங்கள் கோரிக்கையின் ஒவ்வொரு வரியையும், வலப்பக்கம் அது அந்த மூன்றில் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதட்டும். வலப்பக்கம் காலியாக நிற்கும் வரி எது என்று பாருங்கள். அந்த வரியை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல பேட்டன்ட் ஏஜென்டிடம் போங்கள். காலி வரி ஒன்றுகூட இல்லையென்றால், செலவு செய்யாமல் விட்டுவிடுவதே நல்லது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அறிக்கை வந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. பதில் கொடுக்க ஆறு மாதம்தான் கெடு. சாயங்காலம் அவன் வந்ததும், அதில் எத்தனை நாள் போய்விட்டது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.