கயிற்றுக் கைப்பையும் கூலிக் கணக்கும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

நெசவாளர் குடும்பங்களிலும் விவசாயக் குடும்பங்களிலும் உள்ள பெண்மக்களுக்குத் துணைத்தொழில் ஒன்று வேண்டும் என்பதில் நம் சங்கங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. எந்தத் தொழில் என்பதிலேதான் விவாதம். குரோஷா என்று நாம் வழங்கும் கொக்கி ஊசிப் பின்னல், முன்பெல்லாம் மேசை விரிப்புக்கும் குழந்தையின் குல்லாய்க்கும் மெல்லிய நூலில் செய்யப்பட்டு வந்தது. இப்பொழுது அதே பின்னல், மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள பருத்திக் கயிற்றில், தரையில் வைத்தால் தானே நிமிர்ந்து நிற்கும் கைப்பையாக உருவெடுத்திருக்கிறது. இத்தொழிலைச் சங்கங்கள் எடுத்து நடத்தலாம் என்பதே என் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. பின்னுகிறவரின் நேரத்தை அளந்து, அதற்குரிய கூலியை அடக்க விலையில் சேர்க்க மனமில்லாத சங்கம் இதில் இறங்காதிருப்பதே நலம்.

தொழிலின் சிறப்புகளை முதலில் கூறிவிடுவோம். முதலீடு சிறிது. ஒரு கொக்கி ஊசி, ஒரு கண்டு கயிறு, கத்தரிக்கோல், உள்துணி தைக்கச் சாதாரண ஊசி ஆகியவை போதும். தறி போட இடம் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. ஊசியில் எப்பொழுதும் இருப்பது ஒரே ஒரு கண்ணியாதலால், அடுக்களையில் வேலை வந்தால் பின்னலை அப்படியே வைத்துவிட்டு எழலாம். பிழை நேர்ந்தாலும், பிழை நேர்ந்த இடம் வரை பிரித்து அதே கயிற்றால் மீண்டும் பின்னலாம். ஆகவே சேதாரம் மிகக் குறைவு.

இவை யாவற்றினும் முக்கியமான சிறப்பு ஒன்று உண்டு. உண்மையான குரோஷாப் பின்னலை வணிக அளவில் செய்யக்கூடிய இயந்திரம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. குரோஷா இயந்திரம் என்ற பெயரில் விற்கப்படுவது, பாவு இழைகளைக் கொண்டு நாடா முதலியவற்றைப் பின்னும் வேறு வகை இயந்திரமே. எனவே, குரோஷாப் பை எந்த நாட்டிலிருந்து வந்ததாயினும் அதன் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவர் கையால் இழுக்கப்பட்டது. விசைத்தறித் துணி மலிவாகக் கிடைத்தால் அது விசையால் வந்த மலிவு என்று நாம் கூறுகிறோம். குரோஷாப் பை மலிவாகக் கிடைத்தால் அவ்வாறு கூற வழியில்லை. பின்னியவரின் கூலியைக் குறைத்ததால் வந்த மலிவாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

பை நிமிர்ந்து நிற்பதற்குச் சில காரியங்கள் ஒழுங்காக நடைபெற வேண்டும். கயிறு ஒரே சீரான கனமுடையதாக, உள்ளே திரி வைத்துப் பின்னப்பட்டதாக இருத்தல் வேண்டும். வெறுமே முறுக்கிய கயிறு வேலை செய்யும்போது முறுக்கவிழ்ந்து, ஊசி அதன் புரிகளுக்கிடையே புகுந்துவிடும். வழக்கமாக அக்கயிற்றுக்குப் பயன்படுத்தும் ஊசியைவிட ஓர் அளவு சிறிய ஊசியை எடுத்துக் கண்ணிகளை நெருக்கமாக இறுக்க வேண்டும். அடிப்பாகத்தை நடுவில் ஒரு சங்கிலி போட்டு, அதன் இருபுறமும் சுற்றிச் சுற்றி நீள்வட்டமாக வளர்க்க வேண்டும். வேண்டிய அகலம் வந்தவுடன் கண்ணி கூட்டுவதை நிறுத்தி, சுவரின் முதற் சுற்றில் ஒவ்வொரு கண்ணியின் பின்பக்க இழையை மட்டும் கோத்துக்கொண்டு சென்றால், அடியும் சுவரும் சேருமிடம் பெட்டியின் விளிம்புபோல் மடிந்து நிற்கும். கைப்பிடியினுள் தனியாக ஒரு கயிற்றை வைத்து அதன்மீது பின்னாவிடில், சுமை ஏறியதும் அது நீண்டு தொங்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஐந்து கிலோ அரிசியைப் பையிலிட்டு ஓரிரவு ஆணியில் தொங்கவிட்டு, காலையில் கைப்பிடியை அளந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

இந்த இறுக்கமே பையின் தரம். இந்த இறுக்கமே பின்னுகிறவரின் உழைப்பும் ஆகும். தளர்ந்த பின்னல் விரைவில் முடியும். பையோ சாக்குபோல் சரிந்துவிடும். இறுகிய பின்னலில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியை வலிந்து நுழைத்து இழுக்க வேண்டும். கட்டைவிரலும் மணிக்கட்டும் நோகும். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையேனும் கைக்கு ஓய்வு வேண்டும். உறுதியான பையைக் கேட்கும் வியாபாரி, மெலிந்த பைக்குரிய கூலியைக் கொடுப்பது எங்ஙனம் நியாயமாகும்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். முப்பது சென்டிமீட்டர் நீளமும், பத்து சென்டிமீட்டர் அகலமும், இருபது சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாவதற்காக அடிப்பாகத்தை நீள்சதுரமாகக் கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர் கயிற்றில் ஒரு கண்ணி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடத்தை நிரப்பும் என்று வைத்தால், அடிக்கு 300 கண்ணிகள். சுற்றளவு 80 சென்டிமீட்டராதலால் சுவருக்கு 1,600 கண்ணிகள். கைப்பிடிக்கு 100 கண்ணிகள். ஆக மொத்தம் 2,000. கண்ணி ஒன்றுக்கு ஆறு சென்டிமீட்டர் கயிறு சென்றால் 120 மீட்டர் கயிறு வேண்டும். பழகிய கை நிமிடத்திற்குப் பத்துக் கண்ணி போட்டால், பின்னலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். கயிற்றின் முனைகளை உள்ளே செருகி மறைத்தல், அடியில் அட்டை வைத்தல், உள்துணி தைத்தல், பொத்தான் பொருத்துதல், இடையில் கைக்கு ஓய்வு ஆகியவற்றைச் சேர்த்தால் ஆறு மணி நேரத்திற்குக் குறையாது.

கயிறு, உள்துணி, பொத்தான் எல்லாம் 350 ரூபாய் என்றும், வியாபாரி 500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். பை ஒன்றுக்கு 150 ரூபாய் இலாபம் என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஆறு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய். எட்டு மணி நேர நாளுக்கு 200 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதாவது மணிக்கு 42 ரூபாய். அந்த அளவில் கூலி கொடுத்தாலே பைக்கு 252 ரூபாய் ஆகும். பொருட்செலவுடன் அடக்கம் 602 ரூபாய். சங்கச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 662 ரூபாய். ஆகவே 500 ரூபாய்க்கு விற்ற பையில் இலாபம் எதுவும் இல்லை. பின்னியவள் தன் கூலியில் 102 ரூபாயை வாங்குகிறவருக்கு நன்கொடையாக விட்டுக்கொடுத்திருக்கிறாள். சங்கத்தின் செலவுக்கோ ஒரு காசும் கிடைக்கவில்லை.

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுவது என் பணி. பெண்கள் கைப்பணி செய்யும் ஒரு சங்கத்தில் அடக்க விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கயிறு இருந்தது, உள்துணி இருந்தது, பேருந்துக் கட்டணமும் தேநீர்ச் செலவும்கூட இருந்தன. கூலி என்ற வரி இல்லை. காரணம் கேட்டபோது, "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே பின்னுகிறோம், ஐயா" என்று அங்கத்தினர் ஒருவரே விடையளித்தார். வியாபாரி கூற வேண்டிய வாதத்தை உழைப்பவரே கூறும்படி ஆகிவிட்டதே என்பதுதான் என் கவலை. ஆறு மணி நேரம் ஊசியை இழுத்த கை சும்மா இருந்த கையாகுமா?

இந்த 'சும்மா இருக்கும் நேரம்' என்ற சொல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆந்திரத்தில் கோதாவரிக் கரைப் பகுதியில் உள்ள நரசாப்பூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ சமயப் பணியாளர்கள் பெண்களுக்குக் கற்பித்த குரோஷாச் சரிகைப் பின்னல், வெளிநாட்டு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் அப்பெண்களிடையே ஆராய்ச்சி செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்கு நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள் தொழிலாளர் என்று கருதப்படவில்லை. ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். ஆகவே கூலி மிகத் தாழ்ந்து கிடக்க, வாணிபத்தின் பயன் வியாபாரிகளையும் ஏற்றுமதியாளர்களையும் சென்றடைந்தது என்பது அவர் கண்ட முடிவு. அப்பின்னலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பொருளின் பெயருக்குப் பாதுகாப்புக் கிடைப்பது நல்லதே. ஆனால் பின்னுகிறவரின் கூலிக்கு அக்குறியீடு பொறுப்பேற்காது. அப்பொறுப்பை ஏற்கக்கூடியது அவர்களே உரிமையாளராக உள்ள சங்கம்தான்.

நம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். தறியில் அமர்பவர் ஒருவர். தார் சுற்றிக் கொடுப்பவரும், பாவு புணைக்கத் துணை நிற்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எந்த நூல் எண், அங்குலத்திற்கு எத்தனை ஊடை, எவ்வளவு நீளம் என்று பார்த்து நெசவுக் கூலி வகுக்கும் முறை நமக்குப் பழக்கமானது. இழையை எண்ணிக் கூலி கொடுக்கத் தெரிந்த நமக்குக் கண்ணியை எண்ணத் தெரியாதா?

விவசாய அன்பர்களுக்கும் இது புதிய செய்தியன்று. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் முன்னோர் கூறினர். கணக்குப் பார்க்காதே என்பது அதன் பொருளன்று. தன் உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் விலை எவ்வளவு குறைவு என்பது தெரிந்துவிடும் என்பதே பொருள். விவசாய விளைபொருள்களின் ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய ஆணையம், விதை உரச் செலவுகளுடன் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் சேர்த்துச் சாகுபடிச் செலவைக் கணக்கிடுகிறது. அவ்வடக்கத்திற்கு ஒன்றரை மடங்காவது ஆதரவு விலை இருக்கும் என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. நிலக் குத்தகையையும் முதலீட்டின் வட்டியையும் சேர்க்க வேண்டும் என்ற வாதம் இன்னும் நடைபெறுகிறது. எனினும் குடும்ப உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பது ஏற்கப்பட்டுவிட்டது. வயலில் நமக்கு வேண்டும் என்று கேட்ட நீதியைத் திண்ணையில் பின்னும் நம் வீட்டுப் பெண்ணுக்கு மறுக்கலாகாது.

விலையைக் கூட்டினால் யார் வாங்குவார்கள் என்று நிர்வாகக் குழுவினர் கேட்பது இயல்பே. அக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் விலையைக் குறைக்கக் கூலியை வெட்டுவது ஒன்றே வழி என்று எண்ணுவது தவறு. மாதிரியை மாற்றலாம். கனத்த கயிற்றை எடுத்துக் கண்ணியின் அளவை ஒன்றேகால் சென்டிமீட்டராக்கினால், மேற்கூறிய பையின் அடிக்கும் சுவருக்கும் வேண்டிய கண்ணிகள் 1,900இலிருந்து 1,216 ஆகக் குறையும். கயிற்றின் எடை கூடும் என்பதும், கைக்குச் சற்றுச் சிரமம் என்பதும் உண்மை. ஆதலால் இரண்டையும் செய்து பார்த்து ஒப்பிட வேண்டும். துளையிட்ட மரப்பலகையை அடியாக வைத்து அதிலிருந்து சுவரைத் தொடங்கலாம். பையின் அளவைச் சிறிதாக்கலாம். கயிற்றைச் சில்லறையில் வாங்காமல் சங்கத்தின் பெயரில் மொத்தமாக வாங்கலாம். இத்தனையும் செய்த பின்னும் அடக்க விலைக்கு வாங்குவார் இல்லையெனில், அந்தப் பை நமக்கு ஏற்றதன்று என்று விட்டுவிடுவதே முறை. நட்டத்தை அங்கத்தினரின் மணிக்கட்டில் ஏற்றி விற்பனையைப் பெருக்குவது கூட்டுறவு ஆகாது.

ஆகவே, இத்தொழிலைத் தொடங்க விரும்பும் சங்கங்கள் அடுத்த மகாசபையில் நான்கு தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, புதிய மாதிரி எதையும் விலை பேசுவதற்கு முன், வேகமாகவும் நடுத்தரமாகவும் மெதுவாகவும் பின்னும் மூன்று அங்கத்தினர் அதைச் செய்ய வேண்டும். அம்மூன்றில் நடுவான நேரத்தையே அந்த மாதிரியின் கூலிக்கு அடிப்படையாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, நெசவாளருக்கு நூல் கொடுப்பதுபோல் கயிற்றைச் சங்கமே எடை போட்டுக் கொடுத்து, பையை எடை போட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, பை சங்கத்தில் ஒப்படைக்கப்பட்டவுடன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். விற்கும்வரை காத்திருக்கச் செய்யலாகாது. நான்காவது, பின்னும் ஒவ்வொருவரும் பங்கு எடுத்த அங்கத்தினராக, மகாசபையில் வாக்குரிமையுடன் அமர வேண்டும்.

வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்கும் சமமான நடத்தை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. உலக மன்றங்களில் எழுதப்படும் அத்தகைய நீதி நம் ஊருக்கு வந்து சேர நெடுநாள் ஆகலாம். நம் சங்கத்து அடக்க விலைப் பட்டியலில் கூலி என்று ஒரு வரி சேர்ப்பதற்கோ யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. பேனா நம் காரியதரிசியின் கையிலேயே இருக்கிறது.